வாசற்படிக்கும் யாத்திரைக்கும் இடையே
பெருநகரத்து முதிய பெண்ணும் நம் புனைகதையும்

தஞ்சைத் தரணியின் முஸ்லிம் ஊர்களில் கடந்த இரு தலைமுறைகளாக ஓர் இடப்பெயர்ச்சி ஓசையின்றி நடந்து வருகிறது. நாகூர், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், அய்யம்பேட்டை, ராஜகிரி, பண்டாரவாடை என நீளும் அவ்வூர்களிலிருந்து பிள்ளைகள் சென்னைக்குக் குடியேறுகின்றனர். சில ஆண்டுகள் கழித்து, பெரும்பாலும் கணவரின் மறைவுக்குப் பின்னர், தாயும் அவர்களோடு சென்று சேர்கிறார். ஆணின் இடப்பெயர்ச்சியைப் பற்றி நம்மிடம் எழுத்துக்குப் பஞ்சமில்லை. கப்பலேறியவர்களையும் விமானமேறியவர்களையும் கதைகளும் கவிதைகளும் பாடல்களும் போதிய அளவு பேசியுள்ளன. அறுபது வயதில் ஆற்றங்கரையை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்த தாய் அந்நகரத்தில் எந்தத் தெருவில் நடந்தார், எந்தக் கடையில் பேரம் பேசினார், எந்த உறவினரை எந்தக் கிழமையில் பார்த்து வந்தார் என்பதைச் சொல்லும் எழுத்தோ மிக அரிது.

இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் வினா எளியது. தமிழ்ப் புனைகதை ஒரு முதிய பெண்ணைப் பெருநகரத் தெருவில் இயல்பாக நடக்க விட்டிருக்கிறதா? விட்டிருப்பின், என்ன நிபந்தனையின் பேரில்? இது இலக்கிய வினா மட்டுமன்று. நம் வீடுகளில் இருக்கும் தாய்மாரை நாம் எவ்வளவு அறிந்திருக்கிறோம் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

பெயர் பெற்ற பயணமும் பெயரற்ற நடையும்

காவிரிப் படுகையின் முஸ்லிம் ஊர்களில் பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்றவரைச் 'சபுராளி' என்று அழைப்பர். பயணம் எனப் பொருள்படும் 'ஸபர்' என்ற அரபுச் சொல்லின் வழிவந்த பெயர் அது. ஆண் ஊரில் இல்லாத காலத்தையும் அவனுடைய பயணத்தின் பெயராலேயே சமூகம் நினைவில் வைத்திருந்தது. அந்த ஆண்டுகளில் வீட்டை நடத்தியவர் பெண். நெல் அளந்து வாங்கியதும், குத்தகைக் கணக்குப் பார்த்ததும், பிள்ளையை ஓதவைத்ததும், திருமணப் பேச்சை முடித்ததும் அவரே. அதற்காக அவர் நடந்த நடைக்கு மட்டும் மொழியில் பெயர் ஏற்படவில்லை.

அந்த நடை இல்லாமலில்லை என்பதை வலியுறுத்த வேண்டியிருக்கிறது. 'மூலையில் முடங்கிய முஸ்லிம் பெண்' என்னும் சித்திரம் வெளியார் எழுத்தில் நிலைபெற்றுவிட்டது. நம்மவரும் அதை ஒருவகைப் பெருமிதத்தோடு ஏற்றுக்கொண்டதுண்டு. கொல்லைப்புற வழியாக வீட்டுக்கு வீடு சென்றுவந்த பெண்களின் நடமாட்டம், பிள்ளைப்பேற்று வீட்டுக்கும் இறப்பு வீட்டுக்கும் வெள்ளைத் துப்பட்டி போர்த்திச் சென்ற மூத்த பெண்களின் பொறுப்பு, நாகூரில் கந்தூரிக் காலத்துச் சந்தனக்கூட்டு இரவுகளில் தெருவெங்கும் நிறையும் தாய்மார் கூட்டம் ஆகியவற்றை அறிந்த எவரும் அச்சித்திரத்தை ஏற்கமாட்டார். வயது ஏற ஏற அப்பெண்ணின் நடை விரிந்தது என்பதே உண்மை. இளமையில் ஒரு தெருவுக்குள் அடங்கியவர், மூத்தபின் ஊருக்கே வழிகாட்டியாய், எவ்வீட்டுக்கும் அழைப்பின்றிச் செல்லும் உரிமை பெற்றவராய் ஆனார்.

பெருநகரம் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குகிறது. அடுக்குமாடி வீட்டுக்குக் கொல்லை இல்லை, ஒரே வாசல். அதைத் தாண்டினால் மின்தூக்கி, காவலர், சாலை. ஊரில் மூத்தவர் என்பதால் வெளியே செல்லும் உரிமை பெற்றிருந்தவர், நகரத்தில் மூத்தவர் என்பதாலேயே அதை இழக்கிறார். "எங்கே உம்மா தனியாப் போறீங்க? சாயங்காலம் நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று மகன் சொல்வதில் அன்பு இருக்கிறது, ஐயமில்லை. ஆனால் அந்தச் சாயங்காலம் பெரும்பாலும் வருவதில்லை. ஒரு நாவலுக்குப் போதிய பொருள் இந்த இடைவெளிக்குள் கிடக்கிறது.

'அம்மா வந்தாள்': வீட்டிலிருந்து காசிக்கு

தஞ்சை மண்ணின் புனைகதையைப் பேசும் எவரும் தி. ஜானகிராமனைத் தவிர்க்க இயலாது. 1966இல் வெளிவந்த 'அம்மா வந்தாள்' நம் வினாவுக்கு நேரிடையாகப் பொருந்தும் நாவல். அதில் காவிரிக் கரையில் வேதபாடசாலையை நடத்தும் பவானியம்மாள் ஒருபுறம். சென்னையில் குடும்பம் நடத்தும் அலங்காரத்தம்மாள் மறுபுறம். இருவரும் இளமை கடந்தவர்கள்; இருவரும் தத்தம் வீட்டின் அச்சு போன்றவர்கள். வேதம் பயில அனுப்பப்பட்ட மகன் அப்பு இவ்விரு பெண்களுக்கும் இடையே சென்றுவருகிறான்.

இந்நாவலைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் அலங்காரத்தம்மாளின் மணவாழ்வுக்குப் புறம்பான உறவையே சுற்றிவந்துள்ளன. நாம் வேறொன்றைக் கவனிக்கிறோம். சென்னைப் பகுதியின் கனம் முழுவதும் வீட்டின் அறைகளிலும் அங்கே காக்கப்படும் மௌனத்திலும் விழுகிறது. நகரம் அலங்காரத்தம்மாளுக்கு வாழிடமாக இருக்கிறது, நடையிடமாக இல்லை. அவள் வெளியே எடுத்துவைக்கும் பெரிய அடி நாவலின் இறுதியில் வருகிறது. மகனைத் தேடிப் பாடசாலைக்கு வருகிறாள். அவன் தன்னோடு வரப்போவதில்லை என உணர்ந்தபின் காசிக்குச் செல்லத் துணிகிறாள். நூலின் தலைப்பே ஒரு பயணத்தைக் குறிக்கும் வினைமுற்றைக் கொண்டிருக்கிறது. தாய் வந்தது ஒரு செய்தியாகும் அளவுக்கு அவளுடைய வருகை அரிதாயிருக்கிறது.

ஆசிரியரின் கலைத்திறனில் நமக்குக் குறைகூற ஏதுமில்லை. அந்நாவலின் நியாயத்துக்கு அம்முடிவு பொருந்தவே செய்கிறது. ஆயினும் ஒரு வடிவம் இங்கே வகுக்கப்பட்டுவிட்டது என்பதைச் சுட்டவேண்டும். முதிய பெண்ணுக்கு இரண்டே இடங்கள்: ஒன்று வாசற்படிக்கு உள்ளே, மற்றது திரும்பிவராத யாத்திரை. நடுவில் இருக்கும் காய்கறிக் கடை, மருந்துக்கடை, சம்பந்தி வீடு, பேருந்து நிறுத்தம், கடற்கரை ஆகியவை கதைக்குரியனவாகக் கருதப்படவில்லை. இதே ஜானகிராமன் சிட்டியோடு இணைந்து 1971இல் வெளியிட்ட 'நடந்தாய் வாழி காவேரி' ஆற்றின் போக்கில் நிதானமாகச் சென்று, வழியில் கண்டதையும் கேட்டதையும் சுவையோடு பதிவுசெய்த பயண நூல். ஆணுக்கு அலைந்து திரிவது இலக்கியமாகிறது. அதே நிலத்தின் தாய்க்கோ காசி மட்டுமே வாய்க்கிறது.

நம் எழுத்தும் இதே அச்சில் வார்க்கப்பட்டதே. 'காசி' இருந்த இடத்தில் 'ஹஜ்' என்று வைத்தால் போதும். மறைந்த தாயாரைப் பற்றி நம் மலர்களில் வெளியாகும் நினைவுக் கட்டுரைகளை ஒருசேர வாசிப்பவர் இதை உடனே உணர்வார். பொறுமை, தொழுகை, விருந்தோம்பல், இறுதியில் புனிதப் பயணம் என அவை ஒரே வரிசையில் நகர்கின்றன. அத்தாயாரின் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படிக் கழிந்தது என்பதை அவற்றிலிருந்து அறிய முடியாது.

சல்மாவின் வீடுகள்

முஸ்லிம் பெண்களின் உள்ளுலகைத் தமிழில் விரிவாக எழுதிய நாவல் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004). அது படுகையின் கதையன்று, பெருநகரத்தின் கதையுமன்று. சிற்றூர் ஒன்றின் இல்லங்களே அதன் உலகம். எனினும் நம் பொருளுக்கு அது இன்றியமையாதது. ஏனெனில் அந்நாவல் பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சென்றுவருவதை வைத்தே இயங்குகிறது. மூத்த பெண்கள் அங்கே செய்தி கொண்டுவருகின்றனர், தீர்ப்புச் சொல்கின்றனர், இளையோரைக் காவல் காக்கின்றனர், சில வேளை அவர்களுக்காக அழுகின்றனர்.

இந்நாவல் வெளிவந்தபோது நம்மிடையே எழுந்த எதிர்ப்பையும் ஆதரவையும் இங்கே மீண்டும் கிளறுவது நம் நோக்கமன்று. இரு தரப்பாரும் நாவலை ஒரு சாட்சியமாக மட்டுமே வாசித்தனர். சமூகத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் சாட்சியம் என ஒரு சாரார் வெகுண்டனர். அதற்காகவே மறு சாரார் கொண்டாடினர். வீடுகளுக்கிடையிலான அந்தச் சிறு நடைகளில் பெண்கள் தமக்கென ஒரு பொதுவெளியைக் கட்டியிருந்தனர் என்பதை இருவருமே போதிய அளவு பேசவில்லை. அந்தப் பொதுவெளியைப் பெருநகரத்துக்குக் கொண்டுசென்றால் என்னவாகும் என்ற கேள்வியை அடுத்த நாவல்தான் எழுதவேண்டும். அந்த அடுத்த நாவலுக்காக நாம் காத்திருக்கிறோம்.

குடும்பத்தைக் கழித்துப் பெற்ற விடுதலை

பெருநகர வெளியில் பெண்ணின் இயல்பான நடமாட்டத்தை எழுதியோர் இல்லாமலில்லை. மும்பையில் வாழும் அம்பை, 'பயணம்' என்ற பெயரிலேயே பல சிறுகதைகள் எழுதியவர். பேருந்திலும் ரயிலிலும் செல்லும் பெண்ணை வியப்புக்குரியவளாக்காமல் காட்டியது அவருடைய சாதனை. திரையில் ஹலிதா ஷமீம் இயக்கி 2019 டிசம்பரில் வெளிவந்த 'சில்லுக் கருப்பட்டி' என்ற நான்கு கதைத் தொகுப்பில், 'டர்ட்டில்ஸ்' என்னும் பகுதி நம் பொருளை நேராகத் தொடுகிறது. மருத்துவமனையில் அறிமுகமாகும் ஒரு முதியவரும் ஒரு மூத்த பெண்மணியும் மெல்லத் தோழமை கொள்வதே அதன் கதை. ஸ்ரீராமும் லீலா சாம்சனும் நடித்தனர். கடலாமைகளைக் காக்கும் பணியில் நாட்டமுள்ள அப்பெண் சென்னைக் கடற்கரையில் நடக்கிறாள். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவத்தில் தன்னார்வலர்கள் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைப் பாதுகாப்பது அந்நகரில் பல்லாண்டாக நடந்துவரும் பணி.

இப்பகுதியின் சிறப்பு அதன் அடக்கம். முதுமையைக் கேலியாகவும் ஆக்கவில்லை, கண்ணீராகவும் ஆக்கவில்லை. காத்திருப்போர் இருக்கையும் கடற்கரை மணலும் இருவர் பேசிக்கொள்வதற்கான இடங்களாகின்றன. தமிழ்த் திரைப்படங்களில் பாட்டிமார் வாழ்த்தவும், வையவும், இறக்கவுமே வருவது வழக்கம் என்பதை எண்ணும்போது இது சிறிய மாற்றமன்று.

ஆயினும் நமக்கு ஒரு தடை எழுகிறது. அப்பெண்மணி மணமாகாதவள். பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் கடமை அவளுக்கு இல்லை. மருமகளிடம் சொல்லிவிட்டுப் புறப்படும் நிலையும் இல்லை. அவளுடைய நடை குடும்பத்தைக் கழித்துப் பெற்ற விடுதலையாக இருக்கிறது. அலங்காரத்தம்மாள் குடும்பத்தை விட்டால்தான் வெளியேற முடிகிறது. இவளுக்கு விடக் குடும்பமே இல்லாததால் வெளி கிடைக்கிறது. ஐம்பதாண்டு இடைவெளியில் தோன்றிய இருவேறு படைப்புகள், குடும்பமும் வெளியும் ஒன்றுக்கொன்று பகை என்ற கருத்தில் ஒத்துப்போகின்றன. இக்கருத்தையே நாம் மறுக்க விரும்புகிறோம்.

மறை காட்டும் முதியவள்

மறுப்பதற்கு நம் மரபிலேயே வலுவான இடம் உண்டு. திருக்குர்ஆன் மூத்த பெண்ணைத் தனியே விளித்துப் பேசும் இடம் அந்நூர் அத்தியாயத்தின் 60ஆம் வசனம். மணவாழ்வின் எதிர்பார்ப்பைக் கடந்துவிட்ட பெண்கள், அலங்காரத்தை வெளிக்காட்டும் நோக்கமின்றித் தம் மேலாடையைக் களைந்து வைப்பதில் குற்றமில்லை என்று அவ்வசனம் இளகுகிறது. பேணிக்கொள்வது அவர்களுக்குச் சிறந்தது என்றும் சேர்த்துரைக்கிறது. விரிவுரையாளர்கள் அனுமதியின் எல்லை பற்றி நெடிது விவாதித்துள்ளனர். அந்த அனுமதிக்குப் பின்னுள்ள எண்ணமே நமக்கு முக்கியம். வயது ஏறும்போது பெண்ணின் மீதான கட்டு தளர்கிறது, இறுகவில்லை. நம் பெருநகர வீடுகளின் நடைமுறை இதற்கு நேர்மாறானது.

அதற்கு அடுத்த 61ஆம் வசனம் எதைப் பேசுகிறது என்பது மேலும் சிந்திக்கத்தக்கது. தந்தையர், தாயர், உடன்பிறந்தார், தந்தைவழி மற்றும் தாய்வழி உறவினர், நண்பர் ஆகியோரின் வீடுகளில் உண்பதில் குற்றமில்லை என்றும், வீடுகளில் நுழையும்போது ஸலாம் உரைக்குமாறும் அது கூறுகிறது. அவ்வசனம் பார்வையற்றோர், நோயாளிகள் முதலியோரையும் உட்படுத்திப் பொதுவாகப் பேசுவது. முதிய பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. எனினும் முதிய பெண்ணின் தளர்வும், உறவினர் வீடுகளுக்குச் சென்று உண்டு மகிழும் வாழ்வும் அடுத்தடுத்து நிற்பதை ஓர் இலக்கிய வாசகன் கவனிக்காமல் இருக்க முடியாது. வெளியே செல்வதும் குடும்பத்தோடு இணைவதும் அங்கே பகையாக இல்லை. ஒரே வாழ்வின் இரு முகங்களாக இருக்கின்றன.

அன்னை ஸவ்தா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி புகாரியில் பதிவாகியுள்ளது. திரைபற்றிய கட்டளை வந்தபின் ஓரிரவு தேவையொன்றுக்காக அவர் வெளியே செல்கிறார். உடற்கட்டால் எளிதில் அடையாளம் காணத்தக்கவர் ஆதலின் உமர் (ரலி) அவரை இனங்கண்டு, வெளியே வந்ததைச் சுட்டிப் பேசுகிறார். ஸவ்தா திரும்பிச் சென்று, இரவுணவில் இருந்த நபி (ஸல்) அவர்களிடம் முறையிடுகிறார். வஹீ இறங்குகிறது, உங்கள் தேவைகளுக்காக வெளியே செல்ல உங்களுக்கு அனுமதி உண்டு என்று பதில் வருகிறது. 'தேவை' என்பதை இயற்கைத் தேவை எனக் குறுக்கிப் பொருள்கொண்ட அறிவிப்பாளர் உண்டு. சொல் மட்டும் பொதுவாகவே நிற்கிறது. தடுத்தவரின் நல்லெண்ணத்தையும் தடுக்கப்பட்டவரின் முறையீட்டையும் ஒருங்கே பேணிய அந்த உரையாடலில் குடும்பக் கதை எழுதுவோர் கற்கவேண்டியது நிறைய இருக்கிறது.

அதே உமர் (ரலி), கலீஃபாவான பின் வழியில் ஒரு முதிய பெண்ணால் நிறுத்தப்பட்டு, அவர் பேசி முடிக்கும்வரை நின்று கேட்டதாக விரிவுரை நூல்கள் கூறுகின்றன. உடனிருந்தவர் வியந்தபோது, ஏழு வானங்களுக்கு மேலிருந்து இறைவன் எவருடைய முறையீட்டைக் கேட்டானோ அவர் இவரே என விடையிறுத்தாராம். அப்பெண்மணி, முஜாதலா அத்தியாயத்தின் முதல் வசனத்தோடு தொடர்புடைய கவ்லா (ரலி). அறிவிப்பின் தரம் பற்றிய ஆய்வை வல்லுநரிடம் விடுவோம். நம் சமூக நினைவு, ஆட்சித் தலைவரைத் தெருவில் நிறுத்திய ஒரு முதியவளைப் போற்றி வைத்திருக்கிறது என்பதே நமக்குப் போதும்.

எழுதப்படாத அன்றாடம்

சென்னை நகரமும் பெண்ணின் நடையால் வடிவம் பெற்ற நகரமே. ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய கோஷாப் பெண்களுக்காக 1885இல் தொடங்கப்பட்ட மருத்துவமனை இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை எனப் பெயர் மாறியும், திருவல்லிக்கேணி மக்கள் நாவில் 'கோஷா ஆஸ்பத்திரி'யாகவே வழங்குகிறது. திரைக்குள் இருந்த பெண் வெளியே வருவதற்காக நகரம் ஒரு கட்டடத்தையே எழுப்பியது. ஜாம்பஜாரில் கீரை தேரும் மூத்த பெண்ணின் கண்ணில் படுகை வயலின் நினைவு ஓடுவதில்லையா? எழும்பூர் நிலையத்தில் தஞ்சை ரயிலில் வந்திறங்கும் ராத்தாவை எதிர்கொள்ளச் செல்லும் தங்கையின் கையில் என்ன பண்டம் இருக்கிறது? அவ்விருவரும் ஊர்ப் பேச்சை எத்தனை வீடுகளின் வழியே சுற்றிக் கொண்டுவருகின்றனர்? இவை சிறிய செய்திகள் அல்ல. பிள்ளைகள் அலுவலகத்திலும் பேரர்கள் பள்ளியிலும் இருக்கும் நேரத்தில், சிதறிக்கிடக்கும் குடும்பத்தைச் சேர்த்துத் தைக்கும் நூல் அந்த நடைகளே.

சட்டமும் அரசும் கூட இப்பொருளில் நம் கதைகளை முந்திவிட்டன. 2018இல் இந்தியாவிலிருந்து 45 வயது கடந்த பெண்கள் மஹ்ரம் துணையின்றி, குறைந்தது நால்வர் குழுவாக ஹஜ் செல்ல வழி திறக்கப்பட்டது. 2021 மே மாதம் தமிழ்நாட்டுச் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறைக்கு வந்தது. முதலாவது ஏற்பாட்டின் மார்க்கச் செல்லுபடி பற்றி நம் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே தீர்க்க முற்படவில்லை. புனைகதை ஆசிரியரின் கண்ணில் படவேண்டிய முரண் வேறு. மக்காவுக்குத் தோழியரோடு சென்றுவந்த ஒரு தாய், திரும்பியபின் அடுத்த தெருவுக்குச் செல்ல மகனின் ஓய்வுநாளுக்குக் காத்திருக்கிறார். அக்காத்திருப்பில் நகைச்சுவை உண்டு, துயரமும் உண்டு, எவரையும் தீயவராக்காமல் எழுதக்கூடிய நுட்பமும் உண்டு. மகனின் அச்சம் பொய்யானதன்று. உடைந்த நடைபாதைகளும் விரையும் வாகனங்களும் மெய்யானவை. ஹீராவிலிருந்து கஅபா வரை ஒரு பெண் இறைவனைத் தவிர எவருக்கும் அஞ்சாமல் பயணம் செய்யும் காலம் வரும் என அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) முன்னறிவித்தார்கள். பெண்ணின் அச்சமற்ற பயணத்தை ஒரு சமூகத்தின் நலத்துக்கு அளவுகோலாக வைத்த சொல் அது. அவ்வளவுகோல் ஆட்சியாளருக்கு மட்டுமன்று, வீட்டுக்கும் உரியது.

1938இல் 'காதலா கடமையா' என்ற நாவலை உ. வே. சாமிநாதையரின் முன்னுரையோடு வெளியிட்ட நாகூர் சித்தி ஜுனைதா பேகம், தொடக்கப் பள்ளியின் சில வகுப்புகளுக்கு மேல் படிக்க வாய்ப்புப் பெறாதவர். எழுத்துக்குத் தடை கல்வியோ திரையோ அல்ல என்பதை அவர் எண்பதாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். இன்று நம் மகளிர் பட்டம் பெற்று, பணியாற்றி, சென்னையிலேயே முதுமையை அடைகின்றனர். அவர்களிடம் பொருள் இருக்கிறது; மொழியும் இருக்கிறது. தம் செவ்வாய்க்கிழமை எழுதத் தகுந்தது என்ற நம்பிக்கை மட்டுமே இன்னும் அளிக்கப்படவில்லை. அதை அளிப்பது விமர்சகரின் கடமை.

எனவே இனி வரும் ஒரு நாவலை நாம் இவ்வாறு சோதிப்போம்: அதில் வரும் முதிய பெண் புறப்பட்டுச் செல்கிறாளா என்பதோடு, செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, கையில் ஒரு பொட்டலத்தோடும் நாவில் ஒரு செய்தியோடும், எவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையின்றி, மஃரிபுக்கு முன் வீடு திரும்புகிறாளா என்பதையும் பார்ப்போம்.